விழித்திரை விலகல்: வலி வருமென்று காத்திராதீர்கள்

பாவில் ஓர் இழை அறுந்தால், அதன் முனையைத் தேடிப் பிணைப்பது கையின் வேலை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது முதலில் கண்ணின் வேலை. சின்னாளபட்டியில் சேலைக்குக் கரை பிசகாமல் நெய்பவரும், நாகல்நகரில் தறியில் அமர்பவரும், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பவரும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறியைத் தரம் பிரிப்பவரும் கண்ணை நம்பியே பிழைக்கின்றனர். ஆகவே கண்ணைப் பற்றிய ஒரு விஷயத்தை நமது அங்கத்தினர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பொருத்தமாகும்.

கண்புரையைப் பற்றி நம் கிராமங்களில் அறியாதார் இல்லை. கண் சிகிச்சை முகாம்கள் அந்த அறிவைப் பரப்பியிருக்கின்றன. ஆனால் விழித்திரை விலகல் என்னும் நோயை அறிந்தவர்கள் சிலரே. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது என்பது உலக அளவிலான கணக்கு. அரிதான நோய்தான், ஆயினும் கவனியாமல் விட்டால் அந்தக் கண்ணின் பார்வையே போய்விடும். புரைக்கு அறுவடை முடியும் வரையில் காத்திருக்கலாம். இதற்கு ஒரு வாரங்கூடக் காத்திருத்தல் ஆகாது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

விழித்திரை என்பது யாது?

கண்ணின் முன்புறமுள்ள வில்லை ஒளியைக் குவிக்கிறது. பின்புறச் சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய படலத்தின்மீது உருவம் விழுகிறது. அப்படலமே விழித்திரை. அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இராது. தனக்கு வேண்டிய பிராணவாயுவையும் போஷணையையும் அது பெரும்பாலும் தனக்குப் பின்னாலுள்ள இரத்த நாளப் படலத்திலிருந்தே பெறுகிறது. சுவரை விட்டுப் பெயர்ந்துவிட்டால் அது பட்டினி கிடக்கிறது. நாளடைவில் அதன் உயிரணுக்கள் மடிகின்றன.

பெயர்வது எப்படி? கண்ணின் உட்புறம் கூழ் போன்றதொரு பளிங்கு நீரால் நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏற, பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல், இக்கூழ் நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு அகல்கிறது. அநேகருக்கு இதனால் தீங்கு ஒன்றுமில்லை. சிலருக்கோ அது அகலும்போது விழித்திரையைப் பற்றியிழுத்துச் சிறு கிழிசலை உண்டாக்குகிறது. கிழிசல் வழியே நீர் புகுந்து, திரையைச் சுவரினின்று மேலும் மேலும் பெயர்க்கிறது. கண்மாய்க் கரையில் எலி வளை அளவே உடைப்புக் கண்டாலும், கவனியாமல் விட்டால் ஓரிரவில் கரையே போய்விடுவதை விவசாயிகள் அறிவார்கள். இதுவும் அதைப் போன்றதே.

தூரப் பொருள் தெரியாமல் கனத்த கண்ணாடி அணிபவர்கள், முன்னரே புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் பலத்த அடிபட்டவர்கள், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை விலகியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். தறியிலிருந்து தெறித்த நாடாவும், மாட்டின் கொம்பும், பிள்ளைகள் எறிந்த பந்தும் அடிபடக் காரணமாகலாம். அடிபட்ட உடனே அன்றிச் சில வாரங்கள் கழித்தும் திரை விலகக்கூடும். நீரிழிவு முற்றியவர்களுக்கு விழித்திரையின்மீது வடுத்தசை வளர்ந்து, அதனை இழுத்துப் பெயர்ப்பதும் உண்டு.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, ஒளிக்கீற்று. இருட்டிலோ, கண்ணை அசைக்கும்போதோ, பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தோன்றும். பளிங்கு நீர் விழித்திரையை இழுப்பதன் அடையாளம் இது.

இரண்டாவது, மிதக்கும் புள்ளிகள். எப்போதாவது ஓரிரு புள்ளிகள் தோன்றுவது பலருக்கும் இயல்பு. ஆனால் திடீரென்று கரும்புள்ளிகள் மழைபோல் பெய்வதும், கொசுக் கூட்டம் அல்லது ஒட்டடை கண் முன்னே ஆடுவதும் இயல்பன்று.

மூன்றாவது, நிழல். பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து, மேலிருந்தோ கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ, கறுப்புத் திரையொன்று மெல்ல நடுவை நோக்கி வரும். இது தோன்றினால் திரை விலகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இம்மூன்றிலும் வலி இல்லை, கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. உடம்பின் மற்ற நோய்கள் வலியின் மூலம் நம்மை வைத்தியரிடம் துரத்துகின்றன. இந்நோய் அப்படித் துரத்துவதில்லை. மேலும், ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுகிறது. ஆகையால் ஒரு சோதனையைப் பழக்கமாகக் கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியை மற்றொரு கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிஷம் போதும்.

புரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. பார்வை முழுவதும் பனி மூடியதுபோல் மங்கும். விழித்திரை நோயோ திடீரென்று வருவது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருவது. இதை நினைவிற் கொண்டால் குழப்பம் நேராது.

நாட்களின் மதிப்பு

விழித்திரையின் நடுவில் மிகச் சிறியதொரு மையப் பகுதி உண்டு. எழுத்தைப் படிப்பதும், இழையை எண்ணுவதும், முகத்தை அடையாளங் காண்பதும் அப்பகுதியாலேயே நடைபெறுகின்றன. மையம் பெயருமுன் சிகிச்சை நடந்தால் பழைய பார்வை ஏறத்தாழ அப்படியே மீளக்கூடும். மையமும் பெயர்ந்த பின்னர், திரையை மீண்டும் ஒட்டவைத்தாலும் கூர்மை முழுமையாகத் திரும்புவது அரிது. அதிலும் ஒவ்வொரு நாள் தாமதமும் நஷ்டமே.

ஒரு சங்கத்தில் தவணை தவறிய கடன்களின் பட்டியலை ஆராய்ந்தபோது, பல ஆண்டுகள் ஒரு நாளும் தவறாத நெசவாளர் ஒருவரின் பெயரைக் கண்டு காரணம் விசாரித்தேன். அவருக்கு மின்னல் தோன்றியது ஐப்பசியில். மழைக்காலத்து மின்னல் என்று எண்ணியிருந்தார். பிறகு நிழல் வந்தது. புரை என்று கருதி, பொங்கல் கழிந்து முகாம் வரும்போது பார்க்கலாமென்று இருந்துவிட்டார். அறுவை நடந்தது, திரையும் ஒட்டியது. நடமாட அக்கண் உதவுகிறது, நுண்ணிழை தெரிவதில்லை. மற்றொரு கண்ணும் முன்பே பலவீனமானது. இன்று அவர் தறியை விட்டுவிட்டுத் தார் சுற்றிக் கொடுக்கிறார். அவரிடம் சோம்பலோ அலட்சியமோ இருக்கவில்லை. வலியில்லாததை நோயென்று எண்ண ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 2007 முதல் 2010 வரை பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்த கோர்டன் பிரவுன், 16 வயதில் ரக்பி ஆட்டத்தில் தலையில் உதைபட்டு, விழித்திரை விலகி, இடக் கண்ணின் பார்வையை இழந்தார். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருந்தும், பல அறுவைகள் செய்தும் பயனில்லை. பின்னர் எடின்பரோவில் மாணவராக டென்னிஸ் ஆடும்போது வலக் கண்ணிலும் அதே அறிகுறிகளை உணர்ந்தார். முன்னனுபவத்தால் அவற்றை அடையாளங் கண்டு சிகிச்சைக்குச் சென்றார், அக்கண் காப்பாற்றப்பட்டது. ஒரே மனிதருக்கு ஒரே நோய் இரு முறை வந்தது. இரண்டாம் முறை அவர் அறிந்திருந்தார்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

நூறாண்டுகளுக்கு முன் இந்நோய் தீராத நோய் என்றே கருதப்பட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் லோசான் நகர மருத்துவரான ஜூல் கோனின், 1935-இல் காலமாவதற்கு முன், கிழிசலே நோயின் காரணம் என்பதையும், கிழிசலைக் கண்டு அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்பதையும் நிலைநாட்டினார். இன்றைய சிகிச்சை எல்லாம் அந்த அடிப்படையின்மீது எழுந்ததே.

கிழிசல் மட்டும் இருந்து திரை விலகாதிருப்பின், லேசர் ஒளியாலோ கடுங்குளிராலோ கிழிசலைச் சுற்றி ஒட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். திரை விலகிவிட்டால் அறுவை தேவை. கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டையை வைத்துத் தைத்து, சுவரைத் திரையை நோக்கி அழுத்துவது ஒரு முறை. உள்ளிருக்கும் பளிங்கு நீரை அகற்றிவிட்டு, வாயுக் குமிழியையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்பித் திரையை அதன் இடத்தில் நிறுத்துவது மற்றொரு முறை. எந்த முறை என்பதைக் கண்ணின் நிலையைப் பார்த்து டாக்டரே தீர்மானிப்பார். முதல் அறுவையிலேயே பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் திரை ஒட்டிவிடுகிறது. சிலருக்கு இரண்டாம் அறுவை வேண்டியிருக்கும்.

இச்சிகிச்சைக்காக நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவத் துறைத் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவராயிருந்தும், 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். அதன் தொடக்க மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் பி. நம்பெருமாள்சாமி விழித்திரை மருத்துவத்தையே தமது தனித்துறையாகக் கொண்டிருந்தார். அங்கே விழித்திரைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. திண்டுக்கல்லிலும் அந்நிறுவனத்தின் கண் மருத்துவ நிலையம் உண்டு. அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. முதற்பரிசோதனைக்கு இவற்றில் அருகிலுள்ளதற்குச் செல்லலாம். கண்மணியை மருந்திட்டு விரித்துப் பார்க்குமாறு கேளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை அறுபது கிலோமீட்டர் அளவே.

புறப்படுமுன் கண்ணில் தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கண்ணைக் கசக்க வேண்டாம். மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்குமாதலால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செலவுக்கு அது உதவும் என்பதை மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

அறுவைக்குப் பின்

வாயுக் குமிழி வைத்தவர்கள், டாக்டர் சொல்லும் நிலையில் தலையை வைத்துக்கொண்டு சில நாட்கள் இருக்க வேண்டும். சிலருக்குக் குப்புறக் கவிழ்ந்திருக்கும்படி சொல்லப்படும். குமிழி கிழிசலின்மீது அழுந்தி நிற்பதற்கே இந்த ஏற்பாடு. இது சலிப்பூட்டும், ஆயினும் பாதி சிகிச்சை இதுவே.

நமது மாவட்டத்தாருக்கு மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. குமிழி கண்ணிலிருக்கும் வரையில் மலை ஏறக்கூடாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில் தின்பண்டப் பொட்டலம் உப்பிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குள் இருக்கும் குமிழியும் அவ்வாறே விரிந்து, அழுத்தம் மிகுந்து, பார்வையைக் கெடுத்துவிடும். கொடைமலையிலும் சிறுமலையிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள், டாக்டர் அனுமதிக்கும் வரை சமவெளியில் உறவினர் வீட்டில் தங்குவது நலம். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். விமானப் பயணமும் கூடாது. வேறு அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எண்ணெய் வைத்திருந்தால் சில மாதங்களுக்குப் பின் அதை எடுக்க மற்றோர் அறுவை வழக்கமாக உண்டு. பார்வை மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் தெளிவடையும். கண்ணாடியின் அளவு மாறலாம்; பின்னர் புரையும் வரலாம். பாரம் தூக்குவதும் தறியில் அமர்வதும் டாக்டர் சொன்ன பிறகே. இடையில் வலி மிகுந்தாலோ, கண் சிவந்தாலோ, மீண்டும் நிழல் தோன்றினாலோ உடனே திரும்பிச் செல்லவும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மேற்சொன்ன மூன்று எச்சரிக்கைகளையும் பெரிய எழுத்தில் எழுதி, பாவு வழங்கும் இடத்திலும் காய்கறி எடை போடும் இடத்திலும் ஒட்டலாம். ஓர் அங்கத்தினர் இவற்றுள் ஒன்றைச் சொன்னால், காரியதரிசி அன்றைக்கே அவரைத் துணையோடு திண்டுக்கல்லுக்கு அனுப்பலாம். துணை விதிகள் இடந்தரும் வரையில் பொது நல நிதியிலிருந்து பயணச் செலவுக்கு உதவலாம். அறுவை செய்துகொண்டவர் திரும்பும் வரை அவருடைய நூல் ஒதுக்கீட்டையும் தறி முறையையும் காத்துவைக்கலாம். கடன் தவணை இருப்பின், தவறும் முன்னரே கால நீட்டிப்பு மனுவை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.