பெயரை எடுத்தாலும் உரிமை போகாது

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் ஜூனில் ஊர் திரும்பி, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். "பேரு எடுத்தாச்சு, டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று பதில் வருகிறது. அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்புகிறார். அடுத்த வாரம் பையன் இருசக்கர வாகனப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அப்படித் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவான 'எமிஸ்'இல் அந்தப் பிள்ளை 'பொதுத் தொகுப்பு'க்குப் போயிருக்கும். வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை பெயர் அங்கேயே கிடக்கும். வீடு தேடிப் போய் அழைத்து வரவேண்டிய வட்டார வள மையத்திலோ ஆள் பற்றாக்குறை. இருக்கிற ஆசிரியர் பயிற்றுநர் தலையில்தான் பயிற்சி, பள்ளிப் பார்வை, கணக்கெடுப்பு எல்லாம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களோ ஒப்பந்த ஊதியக்காரர்கள். இதில் இந்த மையங்களுக்குப் பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டு நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைக்க, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் சண்டை எப்போது தீருமோ, பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆள் இல்லை என்பது அதிகாரிகளின் கவலை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்ததா, வருகிறதா, படித்து முடித்ததா என்று கண்காணிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின்மேல் சுமத்தியிருக்கிறது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அதே பிரிவில் வருகிறது.

6 முதல் 14 வயது வரை: அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளுக்கு இடையே மாறும்போது, மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்க முடியாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது (14). சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதும் செல்லாது (15). இடையில் நின்றவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தரவேண்டும் (4).

வாயால் சொன்னால் நடக்காது. வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பெறுநர்: தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். நகல் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ போகட்டும். பிள்ளையின் பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, பள்ளி, எமிஸ் எண், எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் என்ன சொல்லி மறுத்தார்கள், இவ்வளவு போதும். கடைசி வரி முக்கியம்: "இது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன் கீழான புகார்." இந்த வரி இருந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டாலோ, முடிவு பாதகமாக இருந்தாலோ, சென்னையிலுள்ள தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றையும் வாங்குங்கள். "அப்படியே வச்சிட்டுப் போங்க" என்பார்கள், வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முத்திரை போட மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பவும் சொல்கிறேன்: கையொப்பம் வாங்காமல் வந்தால், மனுவே வரவில்லை என்பார்கள். கல்வித் துறை உதவி எண் 14417இல் பேசினாலும் சரி, மனுவை விட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு முதல் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். தனியார் பள்ளி கட்டண பாக்கியைச் சொல்லி அதைத் தராமல் வைத்திருந்தால், மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதைச் சுட்டி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளை ஏற்கெனவே பட்டறையிலோ கடையிலோ நிற்கிறது என்றால் மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1098க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. கடையின் பெயர், தெரு, பிள்ளை வேலைக்கு வரும் நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.