சென்ட்ஓஎஸ் போன பிறகு மெயில் சர்வருக்கு எது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் ஹூண்டாய், ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து தரும் நிறுவனங்களுக்குக் கொள்முதல் ஆணையும் டெலிவரி ஷெட்யூலும் திருத்திய டிராயிங்கும் மின்னஞ்சலில் வருகின்றன. சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் இயங்குதளக் கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது. பலர் பழகிய சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 8-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-இல் நின்றது; 7-க்கானது 2024 ஜூன் 30-இல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் திட்டத்திலிருந்து இவற்றுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது.

‘எல்லா லினக்ஸும் ஒன்றுதான், பழகியதைப் போடுங்கள்’ என்பார்கள். பயனர் கணக்குகளை டேட்டாபேஸில் வைக்கும் மெயில் சர்வருக்கு அது பொருந்தாது. அங்கே அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டியைத் திறந்து தரும் டவ்காட், முகவரிகளைக் காக்கும் மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு எந்த டேட்டாபேஸ் புரியும் என்பது அதைக் கம்பைல் செய்தவர் கையில் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 5-இன் அடிப்படை மென்பொருள் களஞ்சியத்தில் இருந்த போஸ்ட்ஃபிக்ஸுக்கு மைஎஸ்கியூஎல் தெரியாது. கூடுதல் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாமே கம்பைல் செய்ய வேண்டும். நாமே செய்ததன் மேல் அடுத்த அப்டேட் களஞ்சியத்துப் பேக்கேஜைப் போட்டுவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். அப்போது அஞ்சல் உடனே திரும்புவதில்லை என்பதுதான் ஆபத்து. நம் சர்வர் தற்காலிகப் பிழை என்று சொல்ல, அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்து முயன்றுகொண்டே இருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் ஐந்து நாள் வரை. டிராயிங் மாறியது தெரியாமலே இங்கே உற்பத்தி நடக்கும்.

எனவே அஞ்சல் மென்பொருள், டேட்டாபேஸ், இரண்டையும் இணைக்கும் பேக்கேஜ் மூன்றையும் ஒரே களஞ்சியத்தில் தந்து, மூன்றுக்கும் நெடுநாள் திருத்தம் தரும் இயங்குதளமே சரி என்பேன். டெபியனில் இணைப்புப் பேக்கேஜ் தனியே கிடைக்கிறது. ஆதரவு சுமார் ஐந்து ஆண்டு. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் அடித்தளத்தில் எழுந்ததுதான். சென்ட்ஓஎஸ் பழகியவர்களுக்கு அதே மரபில் வந்த அல்மாலினக்ஸ் 9 எளிது. 2032 வரை திருத்தம் வரும். பராமரிக்க முழுநேர ஆள் இல்லாத நிறுவனத்துக்கு அந்த நீண்ட காலமே பெரிய காரணம்.

விண்டோஸும் எக்ஸ்சேஞ்சும் போதாதா என்று கேட்கலாம். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. காலக்கெடுப் பிரச்சினை அங்கேயும் உண்டு. கிளவுடுக்குப் போகலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. சொந்த சர்வர் என்றால் ஐபி முகவரியின் நற்பெயரைக் காப்பது தனி வேலை. அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இல்லாத அஞ்சலை ஜிமெயில் ஏற்காது. பத்துப் பதினைந்து அஞ்சல்பெட்டிதான் என்றால் கிளவுடே மேல், டேட்டாபேஸே தேவையில்லை. நூற்றுக்கணக்கான கணக்குகளைத் தன் இஆர்பி-யோடு இணைத்து, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி 180 நாள் பதிவேடுகளைத் தன் கையில் வைத்திருக்க விரும்பும் நிறுவனத்துக்குத்தான் சொந்த சர்வர் பொருந்தும்.

டெபியன் என்று முடிவெடுத்தால் ஓர் எச்சரிக்கை. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் டவ்காட் 2.4 இருக்கிறது. 2.3-க்கு எழுதிய அமைப்புக் கோப்புகள் அதில் அப்படியே ஓடாது. டேட்டாபேஸ் இணைப்புப் பகுதியையும் மாற்றி எழுத வேண்டும். ஓடும் சர்வரில் நேராகப் பதிப்பை உயர்த்தாமல், வேறொரு கணினியில் நிறுவிச் சோதித்த பிறகு கணக்குகளை மாற்றுவதே பாதுகாப்பு.