கடைசிப் பலாவும் முதல் மீனும்... ஆனி மாதத்துக் கடலூர் அழைக்கிறது!

மே 28-ம் தேதி வாக்கில் கத்தரி வெயில் முடிந்துவிடும் என்று காலண்டர் சொல்லும். கடலூர்க்காரர்கள் அதை நம்புவதில்லை. ஜூன் முழுக்க மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். மதியம் இரண்டு மணிக்குத் தார்ச் சாலையில் கானல் நெளியும். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஊட்டி, கொடைக்கானல் பயணமெல்லாம் முடிந்தாயிற்று. 'லீவு போச்சு, இனி தீபாவளிதான்' என்று குடும்பங்கள் அடங்கிவிடுகிற இந்த நேரத்தில்தான் கடலூர் மாவட்டத்தில் சாப்பாட்டுக்கு யோகம் அடிக்கிறது.

காரணம் எளிது. பண்ருட்டிப் பலா முடிகிற நேரமும், கடலில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரமும் இங்கே ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. ஜூன் 15-க்கு முன்னால் போனால் விசைப்படகு மீன் கிடையாது. ஜூலை நடுவில் போனால் நல்ல பலா கிடையாது. இரண்டும் ஒரே நாளில் கைக்குக் கிடைப்பது மூன்று, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான்.

சாலையோரப் பலா

பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு சுமார் 25 கி.மீ. இந்தச் சாலையில் பலாப்பழம் விற்கும் இடத்தைத் தேட வேண்டியதில்லை, மூக்கே காட்டிக்கொடுக்கும். மரத்தடியில் பழங்களைக் குவித்து, முன்னால் ஒரு பலகையில் அரிந்த சுளைகளை அடுக்கியிருப்பார்கள். "சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்கண்ணே" என்று ஒரு சுளையை நீட்டுவார்கள். வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். பலாவில் வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே இருக்கும் இனிப்பைச் சொல்வது கடினம். தட்டிப் பார்த்தால் 'தொம் தொம்' என்று பொள்ளலாகக் கேட்க வேண்டும், முள் விரிந்து மழுங்கியிருக்க வேண்டும், காம்பருகே வாசனை வர வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லாவற்றையும்விட நாக்கு சொல்வதுதான் சரி.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். நல்ல மழை இரண்டு விழுந்துவிட்டால் பழம் நீர் கோத்துக்கொள்ளும், சுளை சப்பென்று ஆகிவிடும். அதனால் ஆனி பிறந்ததும் முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விடுவது நல்லது. முழுப் பழம் வேண்டாம் என்றால் அரிந்த சுளையே போதும். வீட்டில் அரிவதாக இருந்தால் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள். பலாப்பால் ஒட்டிய கத்தியைச் சுரண்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தப் பழத்தைச் சாப்பிடும்போது 2011 டிசம்பர் 30-ஐயும் நினைத்துக்கொள்ளலாம். அன்று அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாத் தோப்புகளையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தாத்தா வைத்த மரம், அப்பா குத்தகைக்கு விட்ட மரம் எல்லாம் ஒரே இரவில் விறகாயின. கொட்டையிலிருந்து முளைக்கும் பலா காய்க்க ஏழெட்டு வருடமாவது ஆகும். முந்திரியையாவது ஒட்டுக்கன்று வைத்துச் சீக்கிரம் மீட்கலாம். பெரிய பலா மரத்தை மீட்க வழியில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களின் தோப்பிலிருந்தும், புயலில் தப்பி நின்ற கிழட்டு மரங்களிலிருந்தும்தான் இன்றைக்குச் சாலையோரத்தில் பழம் வந்து இறங்குகிறது. பேரம் பேசலாம், தப்பில்லை. ரொம்பவும் பேச வேண்டாம்.

அறுபத்தொரு நாள் ஓய்வு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-லிருந்து 61 நாளாக நீட்டினார்கள். பல மீன் இனங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகுகளும் இழுவை வலைகளும் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரம், நாட்டுப்படகு போன்றவற்றுக்குத் தடை இல்லை. அவை கரையோரமாகப் பிடித்து வரும் கொஞ்சம் மீனுக்கு இந்த இரண்டு மாதமும் ஏகக் கிராக்கி.

படகுக்காரர்களுக்கு இது சும்மா இருக்கிற காலமும் இல்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, இன்ஜினைப் பிரிப்பது, வலை பின்னுவது என்று செலவு மட்டும் நடக்கும், வரவு இருக்காது. அரசு தரும் தடைக்கால நிவாரணத்தையும் கடனையும் வைத்துத்தான் வீடு ஓடும். அதனால் ஜூன் 14 நள்ளிரவு கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு படகுகள் புறப்படும்போது, கரையில் நிற்கிற பெண்கள் மனதுக்குள் போடும் கணக்கு பெரியது. முதல் வலையில் என்ன விழுகிறது என்பதில் பள்ளிக்கூட ஃபீஸும் இருக்கிறது, அடகு வைத்த நகையும் இருக்கிறது.

தடை முடிந்ததும் மீன் விலை சரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கூடையோடு வருகிறவர்கள் சில சமயம் ஏமாந்து போவது உண்டு. இங்கே கடல் திறக்கும் நேரத்தில் மேற்குக் கரையில் தடை நடந்துகொண்டிருக்கும். ஜூலை 31 வரை கேரளாவில் இழுவைப் படகுகள் கரையில்தான் நிற்கும். ஆகவே, அங்கிருந்தும் வாங்க ஆள் வரும். வஞ்சிரம், வவ்வால், பெரிய இறால் போன்றவற்றை ஏலத்தில் அவர்கள் கையில் விட்டுவிட வேண்டியதுதான். சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்றது மத்தி, நெத்திலி, கிழங்கான், கொஞ்சம் கையில் காசு இருந்தால் சங்கரா. ருசியில் எதுவும் குறைச்சலில்லை. அன்று பிடித்த மத்தியை மதியமே குழம்பு வைத்தால், ஐஸில் மூன்று நாள் கிடந்த வஞ்சிரம் அதன் பக்கத்தில் வர முடியாது.

மீன் வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை திரும்ப எழும்புகிறதா என்று பார்த்தால் போதும். விற்கிற அம்மாவிடமே "இன்னைக்குக் குழம்புக்கு எது நல்லா இருக்கும்மா?" என்று கேட்டுவிடுவது இன்னும் சுலபம். கேட்டவரை ஏமாற்ற அவர்களுக்கு மனசு வராது. வெளியூர்க்காரர்கள் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தால் அங்கேயே ஐஸ் போட்டு வாங்கிப் போகலாம்.

தடைக்காலம் தந்த குழம்பு

மீன் வராத இரண்டு மாதம் இந்தப் பக்கத்து வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள்? கருவாடு. அதே இரண்டு மாதத்தில் வீட்டில் மலிந்து கிடப்பது எது? பலாக்கொட்டை. இரண்டும் சேர்ந்த குழம்பு, கடலூர் மாவட்டத்துக் கோடைச் சாப்பாட்டின் ராஜா.

பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, இரண்டாக நறுக்கி, அரை வேக்காடாக வேகவைத்துக்கொள்ள வேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்குங்கள். நாலு கத்தரிக்காயும் போடலாம். புளியைக் கொஞ்சம் குறைத்துக் கரைத்து ஊற்றி, குழம்பு மிளகாய்த்தூள் சேர்த்து, கொட்டையைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். புளியைக் குறைக்கச் சொன்னது, கடைசியில் புளிப்பு மாங்காய் இரண்டு துண்டு போடத்தான். வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவிய நெத்திலிக் கருவாட்டையோ, வாளைக் கருவாட்டையோ இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சேர்த்தால் போதும். உப்பை அதற்குப் பிறகு ருசி பார்த்துத்தான் போட வேண்டும். இதில்தான் புதிதாகச் சமைப்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்கு இன்னும் நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

மாலை நாலரைக்குப் பிறகு

கடலூரில் கடற்கரை என்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பேருந்து நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். மதியம் போய் நிற்காதீர்கள். ஜூன், ஜூலையில் தரைக்காற்று பலமாக வீசுவதால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். நாலரை, ஐந்து மணிக்குத்தான் காற்று திரும்பும். திரும்பியதும் உடம்பே அதைச் சொல்லும். மாங்காய்ப் பத்தை, வேகவைத்த வேர்க்கடலை, சூடான மீன் வறுவல் எல்லாம் அதற்குப் பிறகுதான் சுவைக்கும்.

பீச்சுக்கு அருகிலேயே கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690-ல் மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேசி முடித்தார்கள். இருப்பதிலேயே தூரமாகச் சுடும் பீரங்கியைத் தேடிப் பிடித்திருப்பார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1746-ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த பிறகு சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். பிள்ளைகளுக்குச் சொன்னால் பீரங்கிக் கதையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கடல் பார்ப்பதற்குச் சாது. காலை இழுக்கும் நீரோட்டம் உண்டு. முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினமும் அதில் அடிபட்ட ஊர். கரையிலிருக்கும் மீனவர்கள் 'போதும், மேல வாங்க' என்று குரல் கொடுத்தால் பதில் பேசாமல் வந்துவிடுங்கள்.

தில்லையைத் தேடி

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. இதற்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். கோயிலும் மீனும் ஒரே நாளில் வேண்டும் என்பவர்கள், காலையில் சாமி கும்பிட்டுவிட்டு மதியம் மீனுக்குப் போவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். வரிசையை மாற்றினால் வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும்.

கோயிலில் ஆனித் திருமஞ்சனம் நடக்கும் மாதம் இது. பத்து நாள் விழாவில் ஒன்பதாம் நாள் தேர். மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருவது ஆனியிலும் மார்கழியிலும் மட்டும்தான். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் விழா நாள்களைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். நாலு வீதியும் அமைதியாக இருக்கும்.

சிதம்பரத்தின் ருசி சம்பா சாதமும் கொத்சும். நெய், மிளகு, சீரகம் சேர்த்த சம்பா சாதம் நடராஜருக்கு நைவேத்தியம். அதற்குத் தொட்டுக்கொள்ள, நல்லெண்ணெயில் பிஞ்சுக் கத்தரிக்காயை வதக்கி, புளி ஊற்றி, வறுத்துப் பொடித்த தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் போட்டு மசித்த கொத்சு. கோயில் முறையில் வெங்காயம் கிடையாது. ஊரில் இட்லிக்கும் பொங்கலுக்கும்கூட இதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கோயில் நடை மதியம் சாத்தியதும் பிச்சாவரம் கிளம்பலாம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக சுமார் 15 கி.மீ. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கே படமானதைத் தாத்தா, பாட்டிகள் கட்டாயம் சொல்வார்கள். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே நல்லது. குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். இரண்டு பக்க மரங்களும் தலைக்கு மேல் கூடும் இடத்தில் வெயில் சட்டென்று காணாமல் போகும். பறவை பார்க்க வேண்டும் என்றால் நவம்பருக்கு மேல் வர வேண்டும். இப்போது வருவது நிழலுக்காக. சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

படகோட்டியிடம் 'தில்லை மரம் எது?' என்று கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் ஊருக்குள் இல்லை, இந்தக் காட்டில் இருக்கிறது. எட்டி நின்று பார்ப்பதோடு சரி. ஒடித்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வீடு திரும்பியதும் பலாக்கொட்டைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, கிராமத்தில் செய்வதுபோல் செம்மண் பூசி வைத்தால் கெடாமல் இருக்கும். ஆடி பிறந்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பழம் கண்ணிலேயே படாது. கருவாட்டுக் குழம்பில் போட அந்தக் கொட்டை கையில் இருக்கும்.