செத்த புலியை நிற்க வைக்கும் தொழில்

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். அந்தச் சுண்ணாம்பில் தோலை ஊறப்போட்டு முடியை உதிர்ப்பது தோல் கிடங்கு வேலை. தாராவியில் பாடுபட்ட தமிழர்களுக்கு இது நன்கு தெரியும்.

ஒரு முடிகூட உதிராமல் தோலைக் காக்கும் தொழிலும் உண்டு. இறந்த மிருகத்தை உயிருள்ளது போல நிறுத்தும் ‘பாடம் செய்தல்’தான் அது.

தோல் கன்று

நம் கிராமங்களுக்கு இது புதிதல்ல. கன்று செத்துப்போனால் பசு பால் சுரக்காது. அதனால் கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அதற்குத் ‘தோற்கன்று’ என்று பெயர். ஏழை வீட்டுப் பிழைப்புக்கு உதவிய கலை இது.

ராஜாக்களின் வேட்டைக்கு உதவியது மைசூர் வான் இங்கன் தொழிற்கூடம். ஆயிரக்கணக்கான புலி, சிறுத்தைகளை அங்கே பாடம் செய்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. தொழில் நலிந்து, 1999-ல் கூடம் மூடப்பட்டது.

பரேல் பேராசிரியர்

அழிய இருந்த கலைக்கு மும்பையில் மறுவாழ்வு கிடைத்தது. பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறுப் பேராசிரியர் டாக்டர் சந்தோஷ் கெய்க்வாட் இதைத் தாமாகவே கற்றார். 2009-ல் போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இதற்கென ஒரு மையம் தொடங்கப்பட்டது. வேட்டையாடிய மிருகத்துக்கு இங்கே வேலை இல்லை. தானாக இறந்ததற்கே வேலை.

செத்த உடல் வெயிலில் கிடந்தால் முடி கழன்றுவிடும். ஆகவே குளிரில் வைக்க வேண்டும். முதலில் உடலை அளப்பார்கள். பிறகு தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்பும் மருந்தும் இட்டுப் பதப்படுத்துவார்கள். அளவுக்கேற்ப உருவம் செய்து, தோலைப் போர்த்தித் தைப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி விழி. அளவு பிசகினால் புலி பூனையாகிவிடும்!

ஏமாறாதீர்கள்

புலி நகம், சிறுத்தைத் தோல் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். போலியானால் பணம் போச்சு. அசலானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை! தாயத்துக்கு ஆசைப்பட்டு வேலையை இழக்கலாமா?

பாடம் செய்த மிருகங்களைப் பார்க்க ஆசையா? கோட்டைப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. சுனாபட்டியில் துறைமுகப் பாதை ரெயில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கலாம். குழந்தைகளை அழைத்துப் போங்கள். காட்டுக்குப் போகாமலே காட்டை அறிந்துகொள்வார்கள்.