காப்பி ஏன் ஒரு நாள் புளிக்கிறது, மறுநாள் கசக்கிறது?

காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்கே எழுபவள் நான். ஆசைப்பட்டு எஸ்பிரெசோ இயந்திரம் வாங்கினேன். ஒரு நாள் காப்பி புளித்தது, மறுநாள் கசந்தது. அதே கொட்டை, அதே அளவு. வீட்டுக்கு வந்த அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கீழே கடையில ஒரு காப்பி வாங்கிட்டு வாம்மா" என்றார்!

குற்றம் கொட்டையில் இல்லை, சூட்டில்தான். எஸ்பிரெசோவுக்கு நீர் ஏறக்குறைய 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சூடு குறைந்தால் புளிப்பு, கூடினால் கசப்பு. சிறிய இயந்திரங்கள் பலவற்றில் நீர் ஆறியதும் ஹீட்டர் இயங்கும், சூடேறியதும் நின்றுவிடும். அதனால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைச் சமாளிக்க மூன்று பழக்கங்கள் போதும்.

• காப்பித்தூள் போடும் கைப்பிடியைப் பொருத்தியே, இயந்திரத்தை 20 முதல் 30 நிமிடம் சூடாக்குங்கள். நான் குளித்து வருவதற்குள் அது தயார்.

• ஹீட்டர் இயங்கும்வரை கொஞ்சம் நீரை வெளியேற்றுங்கள். அது நின்றதும், தினமும் ஒரே எண்ணிக்கையில் விநாடிகள் பொறுத்துக் காப்பி இறக்குங்கள். புளித்தால் காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள், கசந்தால் கூட்டுங்கள்.

• முதலில் காப்பி, பிறகு பால். பால் நுரைக்க நீராவி எடுத்தபின் கொதிகலன் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அடுத்த காப்பிக்கு முன், சீறல் அடங்கும்வரை நீரை ஓடவிடுங்கள்.

போன ஞாயிறு அப்பா மறுபடி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கோப்பையை நீட்டி, "இன்னொன்னு கிடைக்குமா?" என்றார்.