கால் உளைவும் மன உளைச்சலும்

போயா நாளொன்றின் பின்னேரம். கண்டி வாவிக்கரை இருக்கையொன்றில் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். ஒரே வகுப்பில் உயர்தரம் படித்தவர்கள். ஒருத்தி நகரத்தில் புடவைக்கடையொன்றில் விற்பனையில் நிற்கிறாள். மற்றவள் காரியாலயமொன்றில் கணக்கெழுதுகிறாள். நான் ஆசிரியை. சந்தித்து ஐந்து நிமிடமாகவில்லை, பேச்சு வழமைபோல் வருத்தங்களில் வந்து நின்றது.

"முழங்காலுக்குக் கீழ கல்லைக் கட்டின மாதிரி ஈக்கி" என்றாள் கடைக்காரி.

"எனக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்புதே இல்ல" என்றாள் கணக்குக்காரி.

எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது. ஆட்கள் இல்லாத நேரம் இரண்டு நிமிடம் ஸ்டூலில் இருந்ததைக் கெமராவில் பார்த்துவிட்டு முதலாளி கீழே இறங்கி வந்து ஏசினாராம். மற்றவளுடைய மெனேஜர் சரியாக ஐந்து மணிக்குத்தான் அவசர வேலையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாராம். சிரித்தோம், திட்டினோம், கடலை சாப்பிட்டோம், பிரிந்தோம்.

அன்று வருத்தத்தைப் பற்றிப் பேசியதும் வேலையைப் பற்றிப் பேசியதும் இரண்டு வேறு பேச்சுகள் என்றே நினைத்திருந்தோம். மூன்று கிழமை கழித்துக் கடைக்காரத் தோழி நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். சிறுநீர்ப்பையில் தொடங்கிய கிருமித்தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. வார்ட்டில் இருந்த இளம் பெண் வைத்தியர் அவளிடம் கேட்ட கேள்வி இது: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? வேலை நேரத்தில் எத்தனை தடவை பாத்ரூம் போவீர்கள்?"

அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "காலையில வீட்ல ஒருக்கா. இரவு வீட்டுக்கு வந்து ஒருக்கா."

கடையின் கழிவறை மேல்மாடியில். அதன் சாவி முதலாளியிடம். ஆண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய் அந்தச் சாவியைக் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்காமலேயே இருந்து பழகிவிட்டாள். நோன்பில்லாத நாளிலும் அவளுக்கு நோன்புதான்.

'என்ன வேலை செய்கிறாய்?' என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் பண்டைய வைத்தியர்கள் கேட்கச் சொன்ன கேள்விகளுடன் அவருடைய தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று அவர் எழுதினார். நின்றே வேலை செய்வோரின் கால் நரம்புப் புடைப்பைப் பற்றியும், இருந்தே எழுதுவோரின் கை வலியைப் பற்றியும் அந்நூலில் தனித்தனியே பேசினார். முந்நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நம் வீடுகளில் அந்தக் கேள்வியை இன்னும் யாரும் கேட்பதில்லை. "குளிர்ல திரிஞ்சிருப்பாய்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இனி, அவளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் பெண்களுக்கு ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் நீளம்தான். ஆண்களுக்கு இருபது சென்ரிமீற்றர் வரை இருக்கும். வெளியிலிருந்து கிருமி உள்ளே போகப் பெண்ணின் உடலில் தூரம் குறைவு. குடலில் சாதாரணமாக வாழும் ஈ கோலை என்ற பக்றீரியாதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். சிறுநீர் அடிக்கடி வெளியேறும்போது உள்ளே வந்த கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. தண்ணீர் குடிக்காமல், பத்து மணித்தியாலம் அடக்கி வைத்தால் அவை பெருகுவதற்கு நாமே அவகாசம் கொடுக்கிறோம். எரிவு, அடிக்கடி போக வேண்டும்போன்ற உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை ஆரம்ப அடையாளங்கள். காய்ச்சல், நடுக்கம், இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வலி வந்துவிட்டால் பார்மசியில் மாத்திரை கேட்பதோடு நிற்காமல் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

கால் உளைவுக்கும் காரணம் இப்படித் தெளிவானது. இதயம் இரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். அது திரும்பி மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. அசையாமல் நிற்கும்போது அந்தப் பம்பி நின்றுவிடுகிறது, நாளங்களில் இரத்தம் தேங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நின்றால் நாளங்களுக்குள்ளே உள்ள வால்வுகள் தளர்ந்து, நீல நிறத்தில் புடைத்து வரலாம். குதியை உயர்த்தித் தாழ்த்துவது, ஒரு காலைத் தாழ்ந்த பெட்டியொன்றில் மாறி மாறி வைப்பது, இரவில் காலைத் தலையணையில் உயர்த்துவது எல்லாம் உதவும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது வேறு விடயம்; இரத்தக் கட்டியாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

ஆனால் முதல் மருந்து ஒரு கதிரைதான். அதற்காகப் போராடிய பெண்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற கடைவீதியில் தையல் வேலை செய்த பி. விஜி என்பவர், அங்குள்ள விற்பனைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அந்தப் பெண்களின் குறைகளைக் கேட்டால் என் தோழியின் கதையைக் கேட்டதுபோலவே இருக்கும். நாள் முழுக்க நிற்க வேண்டும். கடையில் கழிவறை இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. முதலில் கழிவறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இடம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. 2021இல் தமிழ்நாடும் அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. தோழிகளுக்கிடையில் புலம்பலாகத் தொடங்கிய பேச்சு இரண்டு மாநிலங்களில் சட்டமாகிவிட்டது.

கழுத்தையும் தொண்டையையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினித் திரை கண் மட்டத்துக்குக் கீழே மிகவும் தாழ்ந்திருந்தால் கழுத்துத் தசை நாள் முழுக்கத் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். திரைக்குக் கீழே இரண்டு தடித்த கோப்புகளை வைத்தே என் தோழி பாதி வலியைக் குறைத்துக்கொண்டாள். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் செக்கனுக்கு ஏறக்குறைய இருநூறு தடவை அதிர்கின்றன. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கும் மேலால் கத்திக் கற்பித்தால் அவை களைத்துப்போவதில் வியப்பில்லை. (மாணவிகள் இதை வாசிக்கும்போது கொஞ்சம் மெதுவாகக் கதைத்தால் நல்லது.) குரல் கம்மல் மூன்று, நான்கு கிழமைக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு' என்று நாம் நினைக்கிறோம். லண்டனில் அரச ஊழியர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த 'வைட்ஹோல்' ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கீழ்நிலைப் பதவிகளில் இருந்தவர்களுக்கே இதய நோய் அதிகம். அதற்கு ஒரு முக்கிய காரணம், தம் வேலையைத் தாமே தீர்மானிக்க முடியாத நிலை. எப்போது எழும்புவது, எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது வீட்டுக்குப் போவது என்பதெல்லாம் இன்னொருவர் கையில் இருப்பது உடம்பையும் அரிக்கிறது. ஆகவே மெனேஜரைப் பற்றிய குறையும் ஒரு நோய்க் குறிதான்.

எங்கள் பேச்சில் ஒரு பிழையும் இருந்தது. வாவிக்கரையில் அன்று கணக்குக்காரி தன் கைப்பையிலிருந்து டைக்ளோபினெக் மாத்திரை அட்டையை எடுத்துக் கடைக்காரியிடம் கொடுத்தாள். அன்பினால்தான். வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் அது குடற்புண்ணைத் தரும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவரின் சிறுநீரகத்துக்கு அது இன்னும் கெடுதல். வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கை இரண்டு நாளுக்குப் போட்டு நிறுத்துவதும் இதே வகை.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. சாதாரண வேலை நாள் எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு. வருட லீவு பதினான்கு நாள், சொந்தத் தேவைக்கு ஏழு நாள். மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளம் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்று கட்டாயம் கேட்கிறார்கள். கழிவறை எங்கே, பகல் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்ட ஒரு வாப்பாவை நான் இன்னும் காணவில்லை.

தோழி ஆறு நாள் வார்ட்டில் இருந்தாள். வேலைக்குத் திரும்பிய பின், தன்னோடு நிற்கும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் மனைவியிடம் போய்ப் பேசினாள். இப்போது காசு மேசைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல்கள் இருக்கின்றன. முறை வைத்து உட்காருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலும் பக்கத்தில் இருக்கிறது. மேல்மாடிச் சாவி மட்டும் இன்னும் முதலாளியிடம்தான். அதை ஆணியில் தொங்கவிடச் சொல்லி அடுத்த மாதம் கேட்கப் போகிறார்களாம்.