‘ஹேவ்’ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

உயர்நிலை வகுப்புகளின் ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும்: “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை ஹோம்வொர்க் எஸ்டர்டே.” ‘ஹேவ்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அடுத்த தேர்விலும் அதே மாணவர் அதையே எழுதுகிறார். பள்ளியோடு இது நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. கல்லூரி முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021” என்றே எழுதுகிறார். உழைத்துப் படித்த பிள்ளையின் விண்ணப்பம் முதல் வரியிலேயே தடுமாறுகிறது. ஆகவே சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற இரண்டையும் ஒரு மதிப்பெண் வினாவாகப் பார்க்காமல், சற்று நின்று கற்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிழை எங்கிருந்து வருகிறது?

இந்தப் பிழைக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. மாணவர் தமிழில் சரியாகச் சிந்தித்து, அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார். பெர்ஃபெக்ட் வடிவத்துக்கு நாம் வழக்கமாகத் தரும் தமிழ் இரண்டு: ‘முடித்துவிட்டேன்’, ‘முடித்திருக்கிறேன்’. தமிழில் இவ்விரண்டும் கடந்த காலச் சொல்லோடு தாராளமாகச் சேரும். “நேற்றே முடித்துவிட்டேன்” என்பது நல்ல தமிழ். “2018-இல் ஒருமுறை ஊட்டிக்குப் போயிருக்கிறேன்” என்பதும் நல்ல தமிழ். ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’, ‘இன் 2018’ போன்ற சொற்கள் வந்தால் ‘ஹேவ்’ வராது.

மறுபுறமும் சிக்கல் உண்டு. “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறோம். வடிவத்தில் அது சாதாரண இறந்த காலம். ஆனால் இப்போது பசியோடு இருக்கிறாயா என்பதுதான் கேள்வியின் பொருள். ஆங்கிலத்தில் அது “ஹேவ் யூ ஈட்டன்?” ஆகிறது.

மூன்றாவதாக, “ஐந்து வருடமாக இந்தப் பள்ளியில் படிக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால், “ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதுகிறார்கள். அங்கே “ஐ ஹேவ் ஸ்டடீட்” அல்லது “ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்” வேண்டும்.

எனவே தமிழ் வினைமுற்றை ஆங்கில வினைமுற்றோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திக் கற்பித்தால், இந்த இடத்தில் மட்டும் அது கைகொடுக்காது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: நாம் பேசுகிற அந்த நேரம் மூடிய பெட்டியா, திறந்த பெட்டியா? நேற்று, போன வாரம், இரண்டு நாளுக்கு முன், 2019 ஆகியவை மூடிய பெட்டிகள். அவற்றுக்குள் நடந்ததைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட். இன்று, இந்த வாரம், இதுவரை, பிறந்ததிலிருந்து இப்போது வரை ஆகியவை திறந்த பெட்டிகள். அவற்றுக்குள் நடந்ததைச் சொல்லும்போது ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வருகிறது.

நேரத்தைச் சொல்லாத வாக்கியத்தில், பேசுபவரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். “ஐ ஹேவ் லாஸ்ட் மை பென்” என்றால் இப்போது கையில் பேனா இல்லை, ஒன்று கொடுங்கள் என்பது உட்பொருள். “ஐ லாஸ்ட் மை பென்” என்றால் அன்று நடந்த ஒரு கதையைச் சொல்கிறார். பேனா பிறகு கிடைத்திருக்கவும் கூடும்.

செய்திகளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அன்றைய புதுச் செய்தியாக அதை “சந்திரயான்-3 ஹேஸ் லேண்டட் ஆன் தி மூன்” என்று அறிவிக்கலாம். எப்போது, எங்கே என்று விவரிக்கத் தொடங்கியதும் “இட் லேண்டட் நியர் தி சவுத் போல் திஸ் ஈவினிங்” என்று மாறிவிடும். இன்று அதைப் பற்றி எழுதும் மாணவர் “இட் லேண்டட் இன் 2023” என்று எழுத வேண்டும். நிகழ்ச்சி ஒன்றுதான். நாம் நிற்கும் இடம் மாறியதால் வினை மாறியது.

பட்டியல் மட்டும் போதாது

‘சின்ஸ், ஃபார், எவர், நெவர், யெட், ஆல்ரெடி வந்தால் பெர்ஃபெக்ட்’ என்ற பட்டியல் தொடக்கத்துக்கு உதவும். அதையே விதியாக்கினால் மாணவர் சிக்கிக்கொள்வார். சில இடங்களைப் பாருங்கள்.

‘ஃபார்’: “மை ஃபாதர் ஹேஸ் ஒர்க்டு இன் எ மில் ஃபார் ட்வென்டி இயர்ஸ்” என்றால் அப்பா இன்றும் அந்த ஆலையில் வேலை செய்கிறார். “மை கிராண்ட்ஃபாதர் ஒர்க்டு இன் எ மில் ஃபார் தேர்ட்டி இயர்ஸ்” என்றால் தாத்தா ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டிலும் ‘ஃபார்’ இருக்கிறது.

‘திஸ் மார்னிங்’: காலை பத்து மணிக்குப் பேசினால் காலை இன்னும் முடியவில்லை. “ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்” சரி. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பெட்டி மூடிவிட்டது. “ஐ சா ஹிம் திஸ் மார்னிங்” என்பதே பொருந்தும்.

வாழ்பவரும் மறைந்தவரும்: இன்றும் எழுதிவரும் ஓர் எழுத்தாளரைப் பற்றி “ஷி ஹேஸ் ரிட்டன் மெனி புக்ஸ்” என்கிறோம். 2015-இல் மறைந்த அப்துல் கலாமைப் பற்றி “ஹி ரோட் மெனி புக்ஸ்” என்கிறோம். அவர் எழுதும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் “ஹிஸ் புக்ஸ் ஹேவ் இன்ஸ்பயர்டு மில்லியன்ஸ்” என்பது சரி. அந்த ஊக்கம் இன்றும் தொடர்கிறது.

‘கான்’, ‘பீன்’: “தலைமையாசிரியர் சென்னைக்குப் போயிருக்கிறார்” என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. அவர் இப்போது இங்கே இல்லை என்றால் “ஹேஸ் கான் டு சென்னை”. முன்பு எப்போதோ போய்வந்த அனுபவம் உண்டு என்றால் “ஹேஸ் பீன் டு சென்னை”.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் இலக்கணப் பெயர்கள் தேவையில்லை. காலையில் “ஹேவ் யூ ஈட்டன்?” என்று கேளுங்கள். “எஸ்” என்றதும் “வாட் டிட் யூ ஈட்?” என்று கேளுங்கள். குழந்தைகள் “ஐ ஏட் இட்லி” என்று சொல்லிப் பழகட்டும். தினமும் கேட்டால் இந்த மாற்றம் காதில் தங்கிவிடும்.

உயர்நிலை வகுப்புகளில் இதையே இணைச் செயல்பாடாக்கலாம். கடல், யானை, ரயில், மெட்ரோ, அருங்காட்சியகம் என்று பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒருவர் “ஹேவ் யூ எவர் சீன் தி ஸீ?” என்று கேட்பார். “ஆம்” என்று விடை வந்தால், “வென் டிட் யூ ஸீ இட்? ஹூ டிட் யூ கோ வித்?” என்று தொடர வேண்டும். முதல் கேள்வி வாழ்நாள் என்ற திறந்த பெட்டியைப் பற்றியது. அடுத்தவை ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றியவை. ‘வென்’ என்று கேட்டவுடன் ‘டிட்’ வருவதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

பத்து நிமிடப் பயிற்சி இன்னொன்று: பிழையான வாக்கியத்தைக் கொடுத்து இரண்டு வழிகளில் திருத்தச் சொல்வது. “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021” என்பதில் ‘ஹேவ்’ஐ நீக்கலாம், அல்லது ‘இன் 2021’ஐ நீக்கலாம். இரண்டும் சரியான வாக்கியங்களே. எதை நீக்கினால் எந்தச் செய்தி போகிறது என்று பேசவைத்தால், விதியை மனப்பாடம் செய்யும் தேவை குறைகிறது.

வினா எழுதுவதிலும் நியாயம் வேண்டும்

“ஐ ----- மை கீ” என்று மட்டும் கொடுத்து, ‘லூஸ்’ என்ற வினையின் சரியான வடிவத்தை நிரப்பச் சொல்லும் வினாக்களைப் பார்த்திருக்கிறேன். ‘லாஸ்ட்’, ‘ஹேவ் லாஸ்ட்’ இரண்டுமே அங்கே சரி. விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருந்தால், சரியாக எழுதிய மாணவர் மதிப்பெண்ணை இழக்கிறார். அதைவிட, தன் புரிதலின் மீதே நம்பிக்கை இழக்கிறார். எனவே நேரத்தைக் காட்டும் ஒரு சொல்லோ, சூழலைக் காட்டும் இன்னொரு வாக்கியமோ வினாவில் இருக்க வேண்டும். “ஐ ----- மை கீ. ஐ காண்ட் ஓப்பன் தி டோர் நவ்” என்றால் மாணவருக்கு யோசிக்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

திரைப்படங்களிலும் இணையக் காணொளிகளிலும் “ஐ ஜஸ்ட் ஏட்”, “டிட் யூ ஈட் யெட்?” என்று கேட்டுவிட்டு வந்து மாணவர் கேட்கலாம். அது அமெரிக்க வழக்கு, பிழை அல்ல. நாம் பாடநூலில் பின்பற்றுவது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

அடுத்த முறை ‘எஸ்டர்டே’க்கு முன் வந்த ‘ஹேவ்’ஐ அடிக்கும்போது, ஓரத்தில் “பெட்டி மூடியதா, திறந்ததா?” என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பதிலை மாணவரே யோசித்து, வாக்கியத்தைத் தானே திருத்திக்கொண்டு வரட்டும்.